சூசையின் கறுப்புப் பெயிண்டும் என் வெள்ளை யூனிஃபார்மும்

லாரியைப் பளபளவென்று மினுக்கிக் கொடுக்கிறவருக்கு ஊரில் நல்ல பெயர் உண்டு. அந்தப் பளபளப்பின் மேல் கறுப்பு அடித்துக் கொடுக்கிறவரின் பெண்டாட்டிக்குத் தலைகுனிவுதான் உண்டு. வீட்டிலேயே தொழில் நடத்தும் கணவரோடு குடித்தனம் செய்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் எழுதாமல் விட்டதும் உங்களுக்குப் புரிந்துவிடும்.

சுதந்திரம் வந்த புதிது. மைசூரில் ஓடிய லாரிகளில் நிறைய அமெரிக்காவில் செய்தவை. முன்பக்கக் கிராதி, பம்பர், விளக்கைச் சுற்றிய வளையம் எல்லாவற்றிலும் குரோமிய முலாம் மின்னும். அது துருப்பிடித்துப் பொரிந்துபோனால் மாற்றுச் சாமான் வெளிநாட்டிலிருந்து வராது. மறுபடி முலாம் போட பெங்களூருக்குப் போக வேண்டும். அதெல்லாம் கட்டுப்படியாகாதவர்கள் மேலே கறுப்பு அடித்துவிடுவார்கள். பஸ் ஒர்க்‌ஷாப்பில் பெயிண்டராக இருந்த என் வீட்டுக்காரர் சூசை, ஒர்க்‌ஷாப் மூடப்பட்டதும், எங்கள் வாடகை வீட்டை ஒட்டிய காலி இடத்தில் இந்த வேலையை ஆரம்பித்தார். நான் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். "உங்க வீட்டுக்காரர் என்ன வேலை?" என்று அங்கே யாராவது கேட்டால், "மோட்டார் லைன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

முதல் மழை

முதலில் வந்தது நஞ்சப்பா என்பவரின் காய்கறி லாரி. சூசைக்கு மரத்திலும் தகரத்திலும் பெயிண்ட் அடித்துப் பழக்கமே தவிர, முலாமின் குணம் தெரியாது. துணியால் துடைத்தார், மேலேயே அடித்தார். காய்ந்ததும் பார்க்க அவ்வளவு அழகு. தெருவில் போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் நல்ல மழை. நஞ்சப்பா லாரியோடு வந்து நின்றார். பம்பரில் பெயிண்ட் தோல் தோலாக உரிந்து தொங்கியது. உள்ளே பழைய மினுக்கு அப்படியே சிரித்தது. அவர் திட்டவில்லை, அதுதான் கஷ்டம். நான் கொடுத்த காபியைக்கூடத் தொடாமல், கையில் சுருட்டி வைத்திருந்த பெயிண்ட் தோலை எங்கள் வாசற்படியில் பத்திரமாக வைத்தார். "உங்க சாமானை இங்கேயே வச்சிட்டுப் போறேன் சூசையண்ணா, ரோட்டுல விழுந்தா யாராவது எடுத்துட்டுப் போயிடுவாங்க."

நகக்கண்

வழவழப்பில் பெயிண்ட் பிடிக்காது என்பது அப்போதுதான் தெரிந்தது. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, கண்ணாடி மாதிரி இருப்பது சாம்பல் நிறமாகும்வரை தேய்க்க வேண்டும். பிறகு பெட்ரோலால் துடைத்து, செங்காவி நிறத்தில் ஒரு அடிப்பூச்சு, அதற்கும் மேலேதான் கறுப்பு. ஒரு கிராதியில் எத்தனை சட்டம், எத்தனை இடுக்கு! சூசையின் விரல் உள்ளே போகாது. என் விரல் போகும். டூட்டி இல்லாத நேரத்தில் பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு நானும் தேய்க்க உட்கார்ந்தேன்.

மண்ணெண்ணெய், எலுமிச்சம்பழம், சீயக்காய் எல்லாம் போட்டுப் பார்த்தும் நகக்கண்ணில் ஏறிய கறுப்பு போகவில்லை. எங்கள் மேட்ரன் காலையில் எங்களை வரிசையாக நிற்கவைத்துக் கையைப் பார்ப்பார். என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. "வீட்டில் பாத்திரம் தேய்த்தேன் மேடம்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற கமலா குனிந்து சிரித்தாள். மேட்ரன் மட்டும் சிரிக்கவில்லை. "அப்படின்னா உன் வீட்டுப் பாத்திரத்தை எல்லாம் நாளைக்கு இங்கே எடுத்துட்டு வா ஸ்டெல்லா, நானே கொதிக்க வச்சுத் தர்றேன்."

விளம்பரம்

அந்தோணி விறகு டிப்போ வைத்திருந்தவர். எங்கள் மாதா கோயிலுக்கு வருகிறவர். அவருடைய லாரியின் மூக்குக்கு முதலில் வெண்ணெய் நிறத்தில் பெயிண்ட் அடித்து, அதன்மேல் பழைய தமிழ்ப் பேப்பரை ஒட்டி மறைத்துவிட்டு, நடுவிலிருந்த கிராதிக்குக் கறுப்பு அடித்தார் சூசை. அவசரம். வெண்ணெய் நிறம் சரியாகக் காயவில்லை. பேப்பரை உரித்தபோது, அதிலிருந்த ஒரு லேகிய விளம்பரத்தின் கொட்டை எழுத்து இடம் வலமாகத் திரும்பி லாரியில் பதிந்திருந்தது. தலைகீழாகப் பார்த்தாலும் சாய்ந்து பார்த்தாலும் எங்களுக்குப் படிக்க முடியவில்லை. யாருக்கும் புரியாது என்று சமாதானம் செய்துகொண்டோம். மறுநாளே வண்டி வேண்டும் என்று அந்தோணியும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் வாசலில் எல்லாரும் நிற்கும்போது அவர் எங்களை நோக்கி வந்தார். திரும்பிய எழுத்து கண்ணாடியில் நேராகிவிடும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. "முன்னாடி போற டிரைவருங்க கண்ணாடியில 'மூலமா? கவலை வேண்டாம்'னு படிச்சிட்டு, வண்டியை நிறுத்தி, 'இப்ப எப்படிங்க இருக்கு'ன்னு என்னை விசாரிக்கிறாங்க சூசை."

சண்டிகெ

காற்றால் பெயிண்ட் தெளிக்கிற பம்பு ஒன்றை இரவல் வாங்கி வந்தார் சூசை. பிரஷ்ஷைவிடச் சீக்கிரம் முடியுமாம். முடிந்தது. பக்கத்து வீட்டு ருக்மிணியம்மா மாடியில் வெள்ளைத் துணி விரித்து வடாம் காயவைத்திருந்தார். இங்கே அதைச் சண்டிகெ என்பார்கள். காற்று அந்தப் பக்கம் அடித்தது. எல்லா வடாமிலும் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளி. நான் போய் அவர் முன்னால் நின்றேன். அவர் எல்லாவற்றையும் முறத்தில் அள்ளிக் குப்பையில் கொட்டிவிட்டு, என் தோளில் தட்டி, கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். "இருக்கட்டும் பிடு ஸ்டெல்லம்மா, எள்ளு போட்டிருக்குன்னு நினைச்சு நான் ஒண்ணு வாயில போட்டுக்கிட்டேன், அதுதான் பயமா இருக்கு."

வார்டு முழுக்கக் கேட்டது

அப்போது ஹனூர், ராமாபுரம் எல்லாம் கோயமுத்தூர் ஜில்லா. ஆனாலும் மைசூர் பக்கம் என்பதால், கால் கை முறிந்தால் எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவருவார்கள். ராமாபுரத்து மாட்டுவண்டிக்காரர் சின்னராசு அப்படித்தான் வந்தார். தொடை எலும்பு முறிவு. "காலங்காத்தால எதுக்க ஒரு புது லாரிங்க. சூரியன் நேரா அதும் மூஞ்சில அடிச்சு, எங்காளைக கண்ணுல பட்டுதுங்க. ரெண்டும் மெரண்டு, வண்டியோட ஓடைக்குள்ள எறங்கிருச்சுங்க" என்று சொன்னார். காளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவர் வலிக்கிறது என்றே சொன்னார்.

அந்த லாரியின் சொந்தக்காரர் பழனிச்சாமிக் கவுண்டர், ஹனூரில் கடலைக்காய் வியாபாரி. வாரம் தவறாமல் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து சின்னராசு கட்டிலுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "மினுக்குப் போனாத்தான் உங்க லாரியை இந்த ரோட்ல விடுவம்னு வண்டிக்காரங்க எல்லாம் ஒண்ணாச் சொல்லிப்போட்டாங்க சிஸ்டர். அதுல நியாயம் இருக்குதுங்க. மைசூர்ல யாரோ வீட்டுல வச்சே கறுப்படிச்சுக் குடுக்கறாங்களாமா. உங்களுக்குத் தெரியுங்களா?"

கமலா மருந்துத் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தாள். அந்தப் பக்கம் டாக்டருக்குப் படிக்கும் பையன்கள் நாலைந்து பேர். தெரியாது என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. கட்டுப்போட்ட காலோடு சின்னராசு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுக்காரர்தான் செய்யறார்" என்றேன், எனக்கே கேட்காத குரலில். கவுண்டருக்குக் காது மந்தம் போலிருக்கிறது. கையைக் காதில் வைத்து, "என்னங்க?" என்றார். மறுபடி சொன்னேன். "சத்தமாச் சொல்லுங்க சிஸ்டர்" என்றார். மூன்றாவது தடவை நான் சொன்னது கடைசிக் கட்டில்வரை கேட்டது. முகமெல்லாம் எரிந்தது. கமலா தட்டைக் கீழே வைத்தாள். "அடிப்பாவி, அப்போ மோட்டார் லைன்னா இதுதானா?"

மின்னுதுங்களே

சின்னராசுவை வீட்டுக்கு அனுப்பும் நாள். கவுண்டரின் லாரி ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து நின்றது. முன்பக்கம் முழுக்கக் கறுப்பு. சூசையின் வேலை நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று மனதில் நினைத்துக்கொண்டேன். அதற்குள் கிளீனர் பக்கத்துக் கதவு திறந்து, சட்டையெல்லாம் கறையோடு, கையில் டப்பாவும் பிரஷ்ஷுமாக சூசை குதித்தார். சின்னராசு பார்த்துச் சரி என்று சொன்னால்தான் மற்ற வண்டிக்காரர்கள் ஒப்புக்கொள்வார்களாம். குறை இருந்தால் அங்கேயே சரிசெய்யக் கவுண்டர் சூசையையும் கூட்டிவந்திருக்கிறார். இரண்டு பேர் சின்னராசுவை நாற்காலியோடு தூக்கிவந்து படிக்கட்டில் வைத்தார்கள். லாரியைச் சூரியனுக்கு நேராகத் திருப்பச் சொல்லிவிட்டு, அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நர்ஸுகள் எல்லாம் வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள். மேட்ரனும் வந்தார்.

"அதோ, அந்தப் பக்கத்துக் கண்ணாடியோட விளிம்பு மின்னுதுங்களே" என்றார் சின்னராசு. சூசை உப்புத்தாளை எடுத்து விறுவிறுவென்று தேய்த்தார். வேர்வையை வழிக்க, நெற்றியிலும் கன்னத்திலும் கறுப்பு ஏறியது. பம்பர் மேல் ஏறி நின்றவர், வீட்டில் கூப்பிடுகிற பழக்கத்தில், திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஸ்டெல்லா, அந்த டப்பாவைக் கொஞ்சம் பிடி" என்றார். பூமி பிளந்தால் இறங்கியிருப்பேன். ஆனால் கால் தானாக நடந்தது. கஞ்சி போட்ட வெள்ளை யூனிஃபார்மோடு படியிறங்கிப் போய், அத்தனை பேர் பார்க்க, டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொப்பியில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் கவனமாக, அவசரப்படாமல், விளிம்பை முடித்தார். மேட்ரன் என் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

சூசை கீழே இறங்கி, கறுத்த முகத்தோடு சின்னராசு முன்னால் கைகட்டி நின்றார். கவுண்டர் மூச்சுவிடாமல் பார்த்தார். சின்னராசு லாரியையும் இவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "லாரியக் கண்டு இனி எங்காளைக மெரளாதுங்க, இந்த அண்ணனக் கண்டாத்தானுங்க மெரளும்."

எங்கள் குடும்பத்தில் சண்டை குறைவு, சாப்பாட்டுக்கும் குறைவில்லை, வெட்கத்துக்கு மட்டும் அளவே இருந்ததில்லை.