கெசையா ஹாட்லக்கின் ஒற்றைப் பலகைக் கதவு

இங்கிலாந்து ராஜாவோடு எங்களுக்கு வந்த சண்டை தேயிலையால் வந்தது என்று பாஸ்டன்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லட்டும். நியூ ஹாம்ப்ஷயரின் எங்கள் மலைப்பக்கத்தில் தேயிலை குடித்த வீடுகளே இரண்டுதான். எங்களுக்கு வயிறு எரிந்தது மரத்தால்.

ஓரடிக்கு மேல் பருமனான வெள்ளைப் பைன் மரம் எவன் நிலத்தில் நின்றாலும் ராஜாவுக்குச் சொந்தம். அவருடைய கப்பலுக்குப் பாய்மரம் வேண்டுமாம். அவருடைய ஆள் வந்து கோடாரியால் மூன்று வெட்டு போட்டு அம்புக்குறி வைத்துவிட்டால், அப்புறம் உழுகிறவன் அதைச் சுற்றித்தான் உழ வேண்டும்.

கெசையாவின் வீட்டை ஒட்டி அப்படி ஒரு மரம் சாய்ந்து நின்றது. அவள் புருஷன் யோத்தாம் சாதுவான மனுஷன். வெட்ட அனுமதி கேட்டு ராஜாவின் மரக் கண்காணிப்பாளர் லெவரெட்டிடம் இரண்டு முறை போனான். "ராஜாவோட மரம், கை வைக்காதே" என்பதுதான் இரண்டு முறையும் பதில். மார்ச் மாதக் காற்றில் மரம் விழுந்தது. பாதி வீட்டையும், மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த யோத்தாமையும் சேர்த்து நசுக்கியது.

அடக்கத்துக்கு லெவரெட் வரவில்லை. மறுவாரம் வந்தான். விழுந்த மரத்திலும் புதிதாக மூன்று வெட்டு போட்டான். "இதுவும் ராஜாவுதுதாம்மா. தொட்டா ஜெயில்" என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறினான்.

கெசையாவுக்கு அப்போது வயது முப்பத்தொன்று. பனி விழுவதற்குள் வீட்டை அடைக்காவிட்டால் நிலத்தை விட்டுவிட்டு அண்ணன் வீட்டு அடுப்படியில் போய் ஒண்ட வேண்டும். மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்த ஓபத் பெட்டிங்கில்லிடம் போனாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"கொண்டாக்கா. எல்லாருக்கும் செய்யிற மாதிரி பதினோரு அங்குலமா கிழிச்சுத் தர்றேன். சின்ன மரத்துப் பலகைன்னு சொல்லிக்கலாம். ஒருத்தனுக்கும் தெரியாது."

"என் புருஷன் ஒளிஞ்சு சாகல, ஓபத். முழு அகலத்துக்கு அறு."

"முப்பது அங்குலம்க்கா. ஆலையவே பூட்டிருவான்."

"அப்ப பயந்துகிட்டே இரு."

அவள் தன் முற்றத்திலேயே குழி வெட்டினாள். நீள ரம்பத்தை மேலே நின்று ஒருத்தர், குழிக்குள் நின்று ஒருத்தர் இழுக்க வேண்டும். குழிக்குள் இறங்க வந்தவள் ஓபத்தின் பெண்டாட்டி டார்கஸ்.

"உன் வீட்டுக்காரனுக்குத் தெரியுமா?" என்றாள் கெசையா.

"தெரியும். கூழ் ஆறிப்போச்சுன்னு கத்திக்கிட்டிருக்கான். நீ இழு."

கோடை முழுக்க இழுத்தார்கள். சுவரும் கூரையும் எழும்பின. மிச்சமிருந்த ஒரே பலகையில், ஒட்டுப் போடாமல், கெசையா தன் வாசலுக்குக் கதவு செய்தாள். வழிப்போக்கர் யார் கண்ணுக்கும் தப்பாதபடி அது சாலையைப் பார்த்து நின்றது. வீம்புதான். அந்த வீம்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது.

அக்டோபரில் லெவரெட் வந்தான். கதவை அளந்தான். முப்பது. வேடிக்கை பார்க்க நின்ற ஆண்களிடம் கழற்றச் சொன்னான். சுத்தியல் கொண்டுவர ஒருவனும் நகரவில்லை.

கெசையா வாசலிலேயே நின்றாள். "கழட்டுங்க. நான் தடுக்கல. ஒண்ணு மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. இந்த மரம் யாருது?"

"ராஜாவுது. எத்தனை தடவை சொல்றது?"

"அப்ப என் புருஷனைக் கொன்னது ராஜாவோட மரம். ரெண்டு தடவை வந்து கேட்டும் வெட்ட விடலைன்னு சேத்து எழுதி, கையெழுத்துப் போடுங்க. கதவு உங்களுது."

அவன் முகம் சிவந்தது. எழுதினால் வேலை போகும், எழுதாவிட்டால் மானம் போகும். வாரண்டோடு வருகிறேன் என்று கறுவிவிட்டுப் போனான்.

பத்து நாளில் வந்தான், நான்கு சிப்பாய்களோடு. ஊர் முகப்பிலேயே குதிரையை நிறுத்த வேண்டியதாயிற்று. வருஷக்கணக்காகப் பரணில் வைக்கோலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த அகலப் பலகைகளை எல்லாம் ஊர்க்காரர்கள் இறக்கிவிட்டிருந்தார்கள். சாலையோரம் பதினான்கு வீடு, பதினான்கு ஒற்றைப் பலகைக் கதவு. ஓபத்தின் கதவு முப்பத்திரண்டு அங்குலம்.

வாரண்டில் இருந்தது ஒரே பெயர். கெசையாவின் வாசலுக்கு வந்து லெவரெட் அதை வாசித்து முடித்ததும் ஓபத் தொப்பியைக் கழற்றாமலே முன்னால் வந்தான்.

"ஐயா, அதுல எம்பேரு விட்டுப்போச்சு. பெட்டிங்கில். எழுதிக்குங்க."

அவனுக்குப் பின்னால் மற்றவர்கள் வரிசையில் வந்து நின்றார்கள். கெசையா உள்ளே போய், எழுதுவதற்கு வசதியாக ஒரு முக்காலியைக் கொண்டுவந்து லெவரெட்டின் முன்னால் போட்டாள்.