க்ளெண்டாவின் கை

கழிப்பறை மூடியைச் சாத்துகிறாள். பாத்திரம் தேய்க்கும் நாரைத் தொட்டிக்கு அடியில் ஒளிக்கிறாள். திரைச்சீலையை ஒரு சாண் விலக்கி, சோபா குஷனை இரண்டு தட்டுத் தட்டி நிமிர்த்துகிறாள். அப்புறம்தான் க்ளெண்டா கேமராவைத் தொடுவாள்.

இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் வீட்டுத் தரகு அலுவலகம் ஒன்றின் விளம்பரத்துக்கு வீடுகளைப் படம் எடுத்தே காலத்தை ஓட்டியவள். புறாக்கூண்டு அறையைக்கூட மூலையில் ஒண்டி நின்று எடுத்துக் கல்யாண மண்டபமாக்கிவிடுவாள். வீட்டுக்காரர்களின் அழுக்குத் துணியைத் தன் காரில் அடைத்து வைத்துவிட்டுப் படம் எடுத்ததும் உண்டு. அறுபது தாண்டினாலும் ஆசை யாரை விட்டது? புகைப்படக் கலை படிக்கக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே வியாழன்தோறும் மாணவர்கள் தங்கள் படங்களைச் சுவரில் குத்தி வைப்பார்கள். ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்வார்கள். க்ளெண்டாவின் படங்களுக்கு முன்னால் ஆசிரியர் ஹேமிஷ் தாடியைச் சொறிந்துகொண்டு நிற்பார். அவருக்கு அவள் மகன் வயது.

"அழகாத்தான் இருக்கு க்ளெண்டா. என்ன விலைன்னு கேக்கத் தோணுது. ஆனா இந்த வீட்ல யாரு குடியிருக்காங்க?"

"காலி பண்ணிட்டாங்கன்னு வெச்சுக்குங்களேன்!"

எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். வீட்டுக்கு வந்து அழுதாள். அழுதால் கேட்க அப்போது கணவர் ராய் இருந்தார். "அந்தப் பொடியனுக்கு என்னடி தெரியும்? டீ ஆறுது, குடி." ஜனவரியில் ராயும் போய்விட்டார். மாரடைப்பு.

அதற்கப்புறம் கேமரா பைக்குள்ளேயே கிடந்தது. ஈஸ்டருக்குள் புதிதாக ஏதாவது கொண்டுவராவிட்டால் இந்த வருஷம் வீண் என்று ஹேமிஷ் சொல்லிவிட்டார். படிப்பை விட்டுத் தொலைக்கலாம் என்றிருந்தாள். என்ன இருக்கிறது இனி எடுக்க?

ஒரு ஞாயிறு மதியம் ராயின் நாற்காலியில் வெயில் விழுந்தது. அவர் போனதிலிருந்து அந்தப் பக்கமே போகப் பயந்தவள், அன்றுதான் நின்று பார்த்தாள். குஷனில் அவர் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. இதுதான், இதைத்தான் தேடினேன் என்று மனசு அடித்துக்கொண்டது. ஓடிப்போய் கேமராவை ஸ்டாண்டில் பொருத்தினாள். வெளிச்சம் பார்த்தாள். திரைச்சீலையை ஒரு சாண் விலக்கினாள். குஷனை இரண்டு தட்டுத் தட்டினாள்.

பள்ளம் போயிற்று.

பாவி கை! தானே உட்கார்ந்து பார்த்தாள். அவள் பள்ளம் சின்னது, அது ராய் இல்லை. வெயில் நகர்வதற்குள், எதற்கென்றே தெரியாமல், புசுபுசுவென்று நிமிர்ந்து நின்ற அந்தக் குஷனைப் படம் எடுத்தாள்.

வியாழனன்று அந்த ஒரே படத்தைத்தான் சுவரில் குத்தினாள்.

"யாரோட நாற்காலி இது?" என்று கேட்டாள் கூடப் படிக்கும் ஜேட்.

"என் வீட்டுக்காரரோடது, கண்ணு. அவரு உக்காந்த பள்ளம் இருந்துச்சு. தட்டிட்டேன். பழக்கதோஷம்."

யாரும் சிரிக்கவில்லை. ஹேமிஷ் மெதுவாகக் கேட்டார்: "வேற என்னல்லாம் தட்டிட்டீங்க?"

"அவரு கோப்பையக் கழுவிட்டேன். தலகாணி உறையத் துவைச்சுட்டேன். ஷூவுக்கு பாலிஷ்கூடப் போட்டுட்டேன்."

"அதையெல்லாம் எடுங்க."

"எடுக்க என்னங்க இருக்கு? எல்லாம் சுத்தமா இருக்கே!"

"அதைத்தான் எடுங்கங்கறேன்."

 எல்லோரும் போன பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். ஒரு பக்கத்து ஊசி கழன்று, படம் கோணலாகத் தொங்கியது. கை தானாக எழுந்து பாதி தூரம் போனது. கையை இழுத்துக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு, க்ளெண்டா படியிறங்கினாள்.