தம்பியின் நீலக்கோடு

தம்பி மாதம் முழுதாவதற்குள் பிறந்துவிட்டவன். எனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு குழந்தை பிறந்து தங்காமல் போயிருந்தது. அதனால் அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு, மூச்சு விடுகிறானா என்று பார்த்தபடியே இருந்தாள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவைப் பெற்றவள் உயிரோடு இல்லை. எனவே கீழே நாமக்கல்லில் கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்த சின்னம்மா, அதாவது அம்மாவின் தங்கை, ஒரு துணிப்பையும் பள்ளியில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்புமாகக் கொல்லிமலைக்கு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

அவளுக்கு அடுத்த மாதம் செய்முறைத் தேர்வு. கணக்குப் போடவும் படம் வரையவும் ஒரு புரோகிராமைப் பழக வேண்டியிருந்தது. குழந்தைத் துணிகளை அலசிப் போட்டுவிட்டு வந்து கதவோரம் உட்கார்ந்து தட்டுவாள். நான் ஒட்டிக்கொள்வேன். சதுர அடைப்புக்குள் எண்களை வரிசை வரிசையாக அடுக்கி, இதற்கு அணி என்று பேர் என்றாள். எனக்குத் தெரிந்த அணி கபடி அணிதான். இங்கேயும் ஓர் அணியை இன்னோர் அணியோடு மோதவிட்டுப் பெருக்கினார்கள். ஆள் கணக்குப் பொருந்தாவிட்டால் சிவப்பெழுத்தில் திட்டு விழும்.

“எங்க வாத்தியாரே தேவலாம் போ” என்பாள் சின்னம்மா.

புதன்கிழமைகளில் நர்சம்மா வருவார். சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவர். தம்பியைத் துணித்தூளியில் கிடத்தி, தராசுக் கொக்கியில் மாட்டி எடை சொல்வார். சின்னம்மா ஒரு வரிசையில் வாரங்களையும் இன்னொரு வரிசையில் எடையையும் தட்டி ஓர் அழுத்து அழுத்தினாள். திரையில் நீலக்கோடு ஒன்று மெல்ல மேலேறியது.

“இதான் உன்ற தம்பி” என்றாள்.

அதன்பின் தொட்டிலில் கிடந்தவனைவிடத் திரையில் இருந்தவனிடம்தான் எனக்குப் பிரியம். அவன் அழுவதில்லை. மிளகுக் கொடிகளிடையே இருந்து திரும்பும் அப்பா கால்கூடக் கழுவாமல் என்னைப் பார்த்து, “ஏனம்மிணி, கோடு என்ன சொல்லுது?” என்று கேட்பார்.

மழை பிடித்துக்கொண்டது. தம்பிக்குச் சளி கட்டியது. பாலை இழுக்கத் திணறினான். அந்தப் புதன்கிழமை வாசலில் எடை பார்த்த நர்சம்மா, அப்பாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“கொறஞ்சிருக்குங்க. இன்னைக்கே கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க.”

சின்னம்மா எண்ணைத் தட்டினாள். கோடு மலையிலிருந்து கல் உருண்டதுபோலச் சட்டென்று கீழே விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“நெம்பரக் கூட்டிப் போடுங்க சின்னம்மா. கோடு ஏறிக்கும்.”

“கோடு ஏறிக்கும் கண்ணு. தம்பி ஏற மாட்டானே.”

உள்ளே இருந்து அம்மா, “எத்தன இருக்கறான்? கோட்டக் கொண்டா இங்க” என்று கூப்பிட்டாள். சின்னம்மா ஒரு கணம் விரல்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரே ஒரு வரியைத் தட்டினாள். எடை எண் எதையும் தொடவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விழுந்த கோடு எழுந்து, ஏறக்குறைய நேராகப் படுத்துக்கொண்டது.

அதை அம்மாவிடம் காட்டி, “பாருக்கா, சமமாத்தான் போகுது. சளிக்கு ஒருக்கா காட்டிப்போட்டு வந்தரலாம்” என்றாள்.

அம்மா பார்த்தாள். தட்டிலிருந்த களியை எடுத்து மூன்று வாய் தின்றாள். சின்னம்மா மந்திரம் கற்றவள் என்று நான் முடிவு செய்தேன்.

அப்பா ஜீப் பிடித்துவந்தார். அம்மாவும் அப்பாவும் சின்னம்மாவும் தம்பியோடு வளைவு வளைவாக இறங்கிப் போனார்கள். நான் பெரியப்பா வீட்டில் இருந்தேன். தம்பி பிழைப்பானா என்று யாரும் என் காதுபடப் பேசவில்லை. பெரியம்மா மட்டும் கேட்காமலே எனக்குப் பலாச்சுளை கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் சின்னம்மாவின் தேர்வு வந்து போனது. அவள் அதை எழுதப் போகவில்லை என்பதே எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.

திரும்பி வந்த வாரம் நர்சம்மா மறுபடி எடை பார்த்தார். ஏறியிருந்தது, ஒரு கைப்பிடிச் சாமை அளவு. சின்னம்மா மறுபடி ஏதோ ஒரு வரி தட்டினாள். திரையில் கோடு செங்குத்தாக நிமிர்ந்தது. அம்மா அன்று இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினாள்.

இப்போது நானும் கல்லூரியில் அதே பாடத்துக்கு வந்திருக்கிறேன். படத்தின் பக்கத்து அளவுகோலை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று சொல்லும் ஒரு வரிக் கட்டளை உண்டு. அளவுகோலைப் பூஜ்யத்தில் தொடங்கி வெகு உயரத்துக்கு நீட்டினால் பெரிய சரிவும் தரைபோலத் தெரியும். ஒடுக்கினால் சிறிய ஏற்றமும் மலையாகும். எண் மாறுவதே இல்லை. ஆய்வகத்தில் தனியாகச் சிரித்தேன். பக்கத்திலிருந்தவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அன்று சாயங்காலமே அம்மாவுக்குப் போன் போட்டு, சின்னம்மா அவளை ஏமாற்றிய விதத்தை அளவுகோல், கட்டளை எல்லாம் சேர்த்து விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“கோடெல்லாம் நானெங்க கண்ணு பாத்தன்?” என்றாள். “உன்ற சின்னம்மா மொகத்தத்தான் பாத்தன். எதையும் மறைக்கத் தெரியாத மொகம் அவளுக்கு. நானும் அழுதா அவ அங்கியே இடிஞ்சு உக்காந்துருவான்னுதான் அந்தக் களியத் தின்னன்.”