“சி தாம்மா, ஓட்டு”

“ஏசி கம்ப்ரசர் போயிடுச்சும்மா. புதுசு போட்டா பதினெட்டாயிரம், கழட்டின பழசு போட்டா எட்டு” என்று மெக்கானிக் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் என்னோடு வேலை பார்க்கும் மேரி அழுதுகொண்டே பேசினாள். “ஏழுமல அண்ணன் போய்ட்டாருடி. காலைல குளிக்கப் போனவரு அங்கயே வுழுந்துட்டாரு.” போனை வைத்த பிறகும் மெக்கானிக் விடவில்லை. “எதும்மா போடட்டும்?” என்றார். “புதுசே போடுங்க” என்றேன். அந்த ஏசியைச் சரிசெய்ய அன்று நான் லீவு போட்டதே ஏழுமலை அண்ணனுக்காகத்தான்.

அவருடைய படத்திறப்பில் வாசிக்க நாலு வரி எழுதி வரச் சொன்னீர்கள், ஃபேக்டரி நண்பர்களே. உட்கார்ந்து எழுத முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து வாசல்வரை போகிறேன், காரைப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் வேலை உங்களுக்குத் தெரியும். நம் கார் ஃபேக்டரி லைனில் இருந்து இறங்கும் புது வண்டியைக் கரடுமுரடான டிராக்கில் ஓட்டி, எங்கே சத்தம் வருகிறது என்று கேட்பார். பிறகு மஞ்சள் மெழுகுப் பென்சிலால் கண்ணாடி ஓரத்தில் ஓர் எழுத்து. ஏ என்றால் வண்டி வாசலைத் தாண்டக் கூடாது. பி என்றால் சரிசெய்து அனுப்பலாம். சி என்றால் குறித்துக்கொள், போகட்டும். இதை அவர் ஃபேக்டரிக்குள்ளேயே விட்டுவிட்டு வரமாட்டார். கேன்டீன் சாம்பார் பி. மச்சான் வாங்கிய மனை ஏ. என் வாய் சி. “அது ஒன்னும் செய்ய முடியாது, குறிச்சிக்கினு போய்க்கினே இருக்க வேண்டிதான்” என்பார்.

நான் கோவில்பட்டிக்காரி. பென்னலூரில் அவர் தெருவிலேயே வாடகைக்கு இருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு பதினாலு வருடப் பழைய டீசல் கார் ஒன்றைப் பார்த்து மயங்கிவிட்டேன். பெரிய டிக்கி, பளபளக்கும் பெயின்ட், ஒன்றரை லட்சம்தான். அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். விற்க வந்தவர் பாட்டைச் சத்தமாக வைத்தார். அண்ணன் கையை நீட்டி அதை நிறுத்தினார். “பாட்ட நான் வூட்ல கேட்டுக்குறேன். வண்டி இன்னா சொல்துன்னு கேக்க வந்துகீறேன்” என்றார்.

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து முன்கண்ணாடி மூலையில் எழுதினார். டைமிங் பெல்ட் ஏ, ஒன்பதாயிரம். அறுந்தால் எஞ்சினே போய்விடும். கிளட்ச் பி, பதினாலாயிரம். முன் சக்கரத்து ரப்பர் புஷ்கள் பி, நாலாயிரம். ஏசி பி. பின் இடது கதவில் கடகட, சி. “வாங்குற வெல மொத தவணதாம்மா. மிச்சத்த வண்டியே கேட்டு வாங்கிக்கும்” என்றார். விற்பவர் முகம் சுண்டிப்போனது. இருபதாயிரம் குறைத்தார். வாங்கிவிட்டேன். அன்றிலிருந்து கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு அண்ணன் என் காரிலேயே ஒரகடம் வந்தார். ஓசிப் பயணம் என்று நான் கேலி செய்வேன். “ஓசியா? உன் வண்டிக்கு டூட்டி டாக்டரு நானு” என்பார்.

ஒருமுறை வண்டிகள் லாரியில் ஏறக் காத்திருந்தன. ஒன்றில் மட்டும் ஏ எழுதிவிட்டு அசையாமல் நின்றார். மேனேஜர் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை என்றார். “எனக்குக் கேக்குது சார். உங்களுக்குக் கேக்கலன்னா அது காதுல கீற கம்ப்ளெய்ன்ட்டு” என்றார். கழற்றிப் பார்த்தார்கள். ஸ்டியரிங்கில் ஒரு போல்ட் பாதி முறுக்கோடு இருந்தது. அன்று அவர் சொன்னதை மேரி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: “சத்தம் போட்ற வண்டி சொல்ட்டு நிக்கும். கம்முனு கீற வண்டி சொல்லாமயே நின்னுடும்.”

இனிதான் எழுத வராத இடம்.

செவ்வாய்க்கிழமை, காலை ஷிப்ட். ஸ்ரீபெரும்புதூர் நெருங்கும்போது அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. இடது தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தார். “என்னண்ணே, இப்படி வேர்க்கு?” என்று கேட்டேன். “உன் ஏசிய சரி பண்ணா ஏன் வேர்க்குது? மூணு வர்சமா பி-லயே கீது” என்றார். சிரித்தேன். அப்புறமும் தோளை விடவில்லை. “நெஞ்சுல எதுவும் செய்யுதா? ஆஸ்பத்திரில நிப்பாட்டட்டா?” என்றேன். ஆஸ்பத்திரி போர்டு கண்ணுக்குத் தெரிந்தது. “வாய்வும்மா. சி தாம்மா, ஓட்டு. பஞ்ச் லேட்டாய்டும்” என்றார்.

ஓட்டினேன். அந்த எழுத்தை அவர் சொன்னால் நாங்கள் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. ஒரு போல்ட்டின் பாதி முறுக்கைக் கேட்ட மனிதருக்குத் தன் நெஞ்சு கேட்காதா என்று நினைத்தேன். மறுநாள்தான் காரை ஏசிக்கு விட்டேன், அவர் வேர்க்கிறது என்றாரே என்று.

சாவு வீட்டில் அவர் மனைவி வசந்தா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்கூடத்தான வந்தாரு, எதுனா சொன்னாரா?” என்று கேட்டார். “ஒன்னும் சொல்லலக்கா” என்றேன். பொய். பத்து நாள் அந்தப் பொய்யோடுதான் சுற்றினேன். காரில் உட்கார்ந்தால் இல்லாத சத்தமெல்லாம் கேட்டது. இரண்டு முறை அந்த ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, இறங்காமல் போனேன்.

அக்காவிடம் சொல்லாமல் உங்கள் முன்னால் இதை வாசிப்பது தப்பு என்று பட்டது. நேற்றுக் காலை அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“எங்கிட்டயும் அதயேதாம்மா சொன்னாரு. ராவெல்லாம் தோள்பட்ட வலின்னாரு. சி தான், வுடுன்னாரு. நானும் டீ போட்டுக் குட்த்து உன் வண்டில ஏத்தி வுட்டேன்” என்றார். அதற்கப்புறம் இரண்டு பேரும் அழுதோம்.

ஏழுமலை அண்ணனிடமிருந்து எனக்கு மிச்சம் முன்கண்ணாடி மூலையில் அழியாத நாலைந்து எழுத்து, பின்கதவின் கடகட, அப்புறம் ‘சி தான்’ என்ற அந்த வார்த்தை. முதல் இரண்டையும் வைத்துக்கொள்வேன். மூன்றாவதை இனிமேல் மனுசர் விஷயத்தில் சொல்லமாட்டேன்.

கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தார். நாலு படிதான், இறங்குவதற்குள் மூச்சு வாங்கியது. கம்பியைப் பிடித்து நின்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன்.

“அது கீதும்மா ஒரு மாசமா. சி தான்” என்றார்.

நான் காரின் முன்கதவைத் திறந்து, அவர் ஏறும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.