மேற்குச் சுவரில் ஒரு நெருப்பு

ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்தது. இன்று புதன். இன்னும் அதிர்ச்சி தெளியவில்லை.

மூத்தவளான என் ராத்தாவைப் பெண் பார்க்கத் தெல்தெனியவிலிருந்து வந்திருந்தார்கள். முன்பு இரண்டு இடம் பேசி, இரண்டும் நின்றுபோயின. இந்த மூன்றாவது இடம் ராத்தாவுக்கே பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் ஃபோட்டோவைப் பார்த்துவிட்டு, "ம்... பரவால்ல" என்றாள். அவள் வாயிலிருந்து இது வந்தால் பெரிய சேர்டிபிகேட்!

ஆகவே, ஹோலை அலங்கரிக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் தரவில்லை. நானே.

நாங்கள் இருப்பது ஹேவாஹெட்ட ரோட்டில், வெள்ளைக்காரத் துரைமார் காலத்து வீடு. ஹோலில் ஒரு ஃபயர்பிளேஸ் உண்டு. வாங்கின வருஷமே வாப்பா அதன் வாயைப் பலகையால் அடைத்து, வெள்ளைப் பெயிண்ட் அடித்து, சுவரோடு சுவராக்கிவிட்டார். குளிருகிற ஊரில் இப்படியும் ஓர் அநியாயமா? வீடு அலங்கார வீடியோக்களிலேயே குடியிருக்கும் எனக்கு இது தாங்குமா?

பலகையைக் கழற்றினேன். கம்பி பிரஷால் கரியைச் சுரண்டினேன். புகைபோக்கியை ஆள் வைத்துத் துப்புரவாக்கினேன். சுற்றிவரக் கறுப்புப் பெயிண்ட், மேலேயுள்ள தட்டுக்கு வார்னிஷ். தட்டின் நடுவில் பிலிமத்தலாவையில் வாங்கிய பித்தளைத் தாம்பாளம், இரண்டு பக்கமும் பாய்ந்தோடும் பீங்கான் குதிரைகள். உள்ளே தேயிலை மிலாறு — கவாத்து வெட்டிக் காய்ந்த குச்சி — அதன்மேல் சைப்ரஸ் கட்டை. ஒரே தீக்குச்சி. கொழுந்துவிட்டு எரிந்தது!

"மாஷா அல்லாஹ், வெளிநாடு மாதிரி ஈக்கே!" என்றாள் மாப்பிள்ளையின் தங்கச்சி. நான் தரையில் இல்லை.

பொழுது இறங்கி, மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. ஆண்கள் பள்ளிக்கு இறங்கிப் போனார்கள். மாப்பிள்ளையின் உம்மா, ராத்தாவின் வருங்கால மாமி, வுளூ செய்து, முகம் கை கால் கழுவிய ஈரத்தோடு வந்து நின்றார்.

"மகள், தொழுறதுக்கு கிப்லா எந்தப் பக்கம்?"

எங்கள் உம்மா, ராத்தா, நான் — மூன்று பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம். மூன்று விரலும் ஒரே இடத்தைக் காட்டின.

எரிகிற நெருப்பு. அதற்கு மேலே இரண்டு குதிரை.

நெருப்பை முன்னால் வைத்துத் தொழுவார்களா? உருவங்களைப் பார்த்துக்கொண்டா? இதில் பேரதிர்ச்சி எனக்குத்தான். எட்டு வருஷமாக, அந்தச் சுவரைப் பார்த்துத்தான் நானும் தொழுகிறேன்! வாப்பா ஏன் அடைத்தார் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? நான் பார்த்த அத்தனை வீடியோவிலும் வீட்டுக்குக் கதவு இருந்தது, ஜன்னல் இருந்தது... திசை இருக்கவில்லை.

"என்ன புள்ள செஞ்சு வெச்சீக்கிறாய்!" உம்மாவின் குரல் உடைந்தது.

"இத ஓப் பண்ற சுவிட்ச் ஈக்கா?" என்றாள் மாப்பிள்ளையின் தங்கச்சி. கேலியா, உண்மையாகவே கேட்டாளா, இன்றுவரை தெரியாது.

நான் மேசையிலிருந்த தண்ணீர் ஜக்கைத் தூக்கி ஒரே ஊற்று.

உஸ்ஸ்ஸ்! சாம்பல் மேகமாக எழும்பியது. ஹோல் முழுக்கப் பரவி, ஆற அமர இறங்கியது — செட்டி மெத்தையில், பலகாரத் தட்டின் வட்டிலப்பத்தில், மாமியின் கிரீம் கலர் அபாயாவில்.

இனி ஹோலில் தொழ முடியாது. மஃரிபோ காத்திருக்காது. மாமி பக்கத்து அறைக்கு நடந்தார். அது ராத்தாவின் அறை.

"அந்த ரூம் வாணாம், அந்த ரூம்..." உம்மா முடிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது.

ஹோலை அழகாக்க நான் எதையெல்லாம் அகற்றினேனோ, அதெல்லாம் அங்கே! அயர்ன் பண்ணாத உடுப்பு மலை, காலொடிந்த கதிரை, பழைய டிவி, காலிக் கேஸ் சிலிண்டர். மூன்றாவது இடமும் போச்சு என்று நான் சுவரில் சாய்ந்துவிட்டேன்.

ராத்தா உள்ளே போனாள். உடுப்பு மலையை இரண்டு கையாலும் ஒதுக்கினாள். சிலிண்டரை உருட்டி மூலைக்குத் தள்ளினாள். தொழுகிற முசல்லாவை விரித்தாள்.

"வாங்க மாமி. ரெண்டு பேருக்கு இடம் ஈக்கி."

கதவு மூடியது. வெளியே உம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையிலா இருந்தோம்?

மாமி வெளியே வந்தபோது அவர் கை ராத்தாவின் தோளில் இருந்தது. நேரே உம்மாவிடம் போனார்.

"மகள எங்களுக்குப் புடிச்சீக்கி. வந்த சனத்துக்கு முன்னால ஒளிக்காம, இடம் ஒதுக்கித் தந்தா பாருங்கோ... அது போதும். ஆனா ஒண்டு."

உம்மாவுக்கு உயிர் வந்து, மறுபடி பாதி வழியில் நின்றது.

"கலியாண டெகரேஷன மட்டும் ஒங்கட சின்ன மகள்ட குடுத்துராதீங்கோ!"

இதென்ன கொடுமை? மேடைக்கு மூன்று டிசைன் ரெடியாக இருக்கிறதே... நெருப்பே இல்லாமல்!