எங்கள் தெருவின் ஐந்தாவது மகிழங்கன்று

எழுபதுகளின் கடைசியில், கல்யாணமான புதிதில், கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகள் நிறைந்த தெருவொன்றில் குடியிருந்தோம். எனக்குக் கிடங்கில் எடை போடும் வேலை. மழைக்காலம் தொடங்கியபோது அரசியல்வாதி ஒருவர் வந்து மரங்களின் அருமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பிறகு தெருவோரம் ஐந்து மகிழங்கன்றுகளை நட்டார். நட்டார் என்றால், அடுத்தவர் நட்ட கன்றுகளுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

வாரம் முடிவதற்குள் நான்கை ஆடுகள் தின்றுவிட்டன. எங்கள் தெருவில் ஆடு படுத்திருந்தால் லாரிதான் காத்திருக்க வேண்டும். ஐந்தாவது, எங்கள் வாசலுக்கு எதிரே வாடி நின்றது.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த என் மனைவிக்கு, நிழலில்லாத வாசலுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று ஏற்கெனவே கோபம். கன்றைத் தோண்டிப் பார்த்தாள்.

"பிளாஸ்டிக் பையோட புதைச்சிருக்கானுவ! உங்களைச் சாக்குல போட்டுத் தச்சா மூச்சு விடுவீங்களா?"

பையைக் கிழித்து, குழியை அகலமாக்கி, உடைந்த ஓடுகளைப் பொறுக்கி எறிந்து மறுபடி நட்டாள். ஓட்டைக் கூடை ஒன்றை வேலியாக வைத்தாள். தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பானது. நான் கடமை தவறாதவன். கொட்டும் மழையில் குடை பிடித்துக்கொண்டு ஊற்றினேன். இலைகள் மஞ்சளாயின. அவள் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"சேறாக் கெடக்கு. மழை பெய்யறது தெரியலையா?"

என் பதவி பறிபோனது.

மழை விட்டதும் கன்று கூடைக்கு மேலே தலை நீட்டியது. ஆடும் தலை நீட்டியது. அடுத்த சந்திலிருந்த ஆட்டுக்காரம்மாவிடம் முறையிட்டோம்.

"என்டெ ஆடோ? அது பாவமாணு மோளே. இலையெல்லாம் தின்னாது."

மனைவி வாக்குவாதம் செய்யவில்லை. "கொஞ்சம் ஆட்டுப் புழுக்கை தருவீங்களா இத்தாத்தா?" என்று அந்த ஊர் வழக்கப்படி அக்கா முறை வைத்துக் கேட்டாள். உரத்துக்கென்று நினைத்து அந்தம்மா கூடை நிறையக் கொடுத்தார். இவள் அதை இரண்டு நாள் ஊறவைத்து, என் பழைய வேட்டியில் வடிகட்டி, துடைப்பத்தால் இலைகள்மேல் தெளித்தாள். கிடங்கில் கணக்கர் ஜன்னலைச் சாத்தினார்.

மறுநாள் ஆடு வந்தது. மோந்தது, தும்மியது, பின்வாங்கியது. பிறகு எதிர்ச்சுவர் போஸ்டரிலிருந்த அதே அரசியல்வாதியின் முகத்தைக் காதிலிருந்து தின்னத் தொடங்கியது. என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அந்த ஆட்டுக்கு மாலை போடலாம் என்றிருந்தது.

"அதோட புழுக்க அதுக்குத் தன்னே பிடிக்கலயோ?" என்று, ஆட்டைத் தேடி வந்த அந்தம்மா விஷயத்தைக் கேட்டு வியந்தார்.

"நமக்கு மட்டும் பிடிக்குதா இத்தாத்தா?"

கோடையில் கிணற்றுத் தண்ணீர் உப்பாகி இலை நுனிகள் கருகின. குழாயில் வந்த கொஞ்சம் நல்ல தண்ணீரில் கன்றுக்கு ஒரு குடம் ஒதுக்கினாள். நான் உப்புத் தண்ணீரில் குளித்தேன். சோப்பு நுரைக்கவில்லை என்றதற்கு, "நீங்க புதுசா வேர் விடப் போறீங்களா?" என்றாள். வேர்ப்பக்கம் தென்னை மட்டைகளைப் பரப்பி ஈரத்தைக் காத்தாள். இரண்டு கோடைகள் இப்படிப் போயின. மூன்றாவது கோடையில் நாங்கள் ஊற்றாமலே துளிர் விட்டது.

எண்பதுகளின் நடுவில் மரம் எங்கள் ஓட்டுக்கூரையைத் தாண்டியது. வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும் மரம், வருஷம் முழுக்க இலை உதிர்க்கும் என்பதை யாரும் சொல்லியிருக்கவில்லை. காலைதோறும் அவள் திட்டிக்கொண்டே கூட்டுவாள். வெட்டிவிடலாமா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அன்று எனக்குச் சாயா கிடைக்கவில்லை.