பழுப்புப் பெட்டை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் மயிலாப்பூரில் நான் விலங்கியல் ஆசிரியர். வகுப்பில் காட்ட, பறவை விற்கும் பாயிடம் சாம்பல் காட்டுக்கோழி ஜோடி கேட்டிருந்தேன். அவர் கொண்டுவந்த சேவல் சாம்பலாக இருந்தது, பெட்டையோ பழுப்பு.

"இது சிவப்புக் காட்டுக்கோழி! யாரை ஏமாத்தப் பாக்கறீர்?" என்று மாணவர்கள் முன்னால் கத்தினேன்.

பாய் என்னை ஓரமாக அழைத்துப்போய்ப் பெட்டையின் நெஞ்சைக் காட்டினார். வெள்ளை இறகுகள், கறுப்பு விளிம்பு.

"நெஞ்சாண்ட வெள்ளையா கீது பாருங்க சார். செவப்புக்கு வெறும் பழுப்பாத்தான் இருக்கும். இது சாம்பல் ஜாதிதான்" என்றார் மெதுவாக.

நான் வெளிறிப்போனதைப் பார்த்தவர், மாணவர்களுக்குக் கேட்கும்படி, "தப்பு நம்மளுதுதான் சார், நாளைக்கு மாத்திக் கொண்டாறேன்" என்றார்.

மறுநாள் அதே பெட்டை வந்தது. நெஞ்சைக் காட்டி, வித்தியாசத்தை அழகாக விளக்கினேன். பாய் ஏமாற்றவில்லை என்பதை மட்டும் அந்தப் பையன்களிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.